சுமை தாங்காத கல்முகப்பு

வீட்டின் சுவர் நேராக நிற்பதற்குக் காரணம் அழகு மட்டுமன்று, சுமையுமாகும். மாடிகளின் பாரத்தைச் சுவரே தாங்கும் வரையில், அது விரும்பியவாறு வளைதல் அரிது. அந்தக் கட்டிலிருந்து சுவரை விடுவித்த குடியிருப்பு மாளிகையொன்று ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் நிற்கின்றது. அதன் பெயர் காசா மிலா. பெரே மிலா, அவர்தம் மனைவி ரோசர் செகிமோன் ஆகிய இருவருக்காக, அந்தோனி கௌடி என்னும் கட்டடக் கலைஞர் 1906ஆம் ஆண்டு அதனைத் தொடங்கி 1912ஆம் ஆண்டு முடித்தார்.

கடலலைபோல் நெளியும் அதன் கல்முகப்பைக் கண்ட நகரத்தார், 'கல்லுடைக்கும் குழி' என்று எள்ளி நகைத்தனர். ஆயினும், மலைபோல் தோன்றும் அம்முகப்பு தன் பாரத்தை மட்டுமே சுமக்கின்றது. மாடிகளைத் தாங்குவன உள்ளே நிற்கும் கல், செங்கல், இரும்புத் தூண்களே. வளைந்த இரும்பு உத்தரங்கள் முகப்பை ஒவ்வொரு மாடியுடனும் பிணைக்கின்றன. ஆதலின் அறைகளைப் பிரிக்கும் உட்சுவர்கள் வெறுந் தடுப்புகளே. அவற்றை அகற்றினாலும் கட்டடத்திற்கு ஊறில்லை.

உச்சியிலுள்ள பரணை 270 செங்கல் வளைவுகள் தாங்குகின்றன. ஒரு சங்கிலியை இரு முனைகளிலும் பிடித்தால் அது தானாகவே தொய்ந்து ஒரு வடிவம் கொள்ளும். அவ்வடிவைத் தலைகீழாக்கினால், தன் பாரத்தை அமுக்கத்தால் மட்டுமே தாங்கும் வளைவு கிடைக்கும். செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. எனவே மெல்லிய செங்கல்லே அங்கு போதுமானதாயிற்று. இடைவெளி அகன்ற இடத்தில் வளைவு உயர்ந்தது. குறுகிய இடத்தில் தாழ்ந்தது. மேற்றளம் மேடும் பள்ளமுமாய் அமைந்த காரணம் இதுவே.

மாநகர சபையோ இதனை விதிமீறலாகக் கண்டது. தூணொன்று நடைபாதையில் நீண்டது. பரண் அனுமதித்த அளவைக் கடந்தது. பரணை இடிக்க வேண்டும், அன்றேல் 100,000 பெசெட்டா செலுத்த வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. 1909ஆம் ஆண்டின் இறுதியில், இது நினைவுச்சின்னத்தின் இயல்புடைய கட்டடம், விதிகளுக்கு முற்றும் அடங்க வேண்டியதில்லை என்று தீர்ப்பாகவே, பரண் பிழைத்தது.

துணி துவைத்து உலர்த்தும் இடமாயிருந்த அப்பரணுள் 1950களில் சிறு வீடுகள் அமைக்கப்பட்டன. 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோ இம்மாளிகையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பின்னர் நடந்த சீரமைப்பில் அவ்வீடுகள் அகற்றப்பட்டபோது, அவற்றின் பின்னே மறைந்திருந்த வளைவுகள் மீண்டும் வெளிப்பட்டன. உட்சுவர்கள் வந்தன, போயின. சுமை தாங்கிய எலும்புக்கூடு மட்டும் தன் இடத்திலேயே நின்றது.