கண்ணாடியில் ஒட்டின ரெண்டு காகிதம்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை மக்களே. தீசிஸ் வேலைன்னு சொன்னா நம்பவா போறீங்க? உண்மைக் காரணம் கார். வாங்கின கதையும், வாங்காம திரும்பி வந்த கதையும், அதுக்கப்புறம் கடுப்புல நூலகத்துல உட்கார்ந்து படிச்ச கதையும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்துடுங்க :-)

நான் இருக்கிறது இல்லினாய்ஸ்ல ஒரு பல்கலைக்கழக ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளம், இல்லைன்னா சோயா. ஊருக்குள்ள பஸ் உண்டு. ஊர் எல்லையைத் தாண்டினா நீங்க உண்டு, உங்க கால் உண்டு. மே மாசம் எனக்கு இன்டர்ன்ஷிப் ஆரம்பம். வேலை பார்க்கப் போற இடத்துக்கு பஸ் கிடையாது. கார் இல்லைன்னா வேலை இல்லை, அவ்வளவுதான் கணக்கு. அப்பா தன் பி.எஃப். பணத்துல இருந்து எடுத்து அனுப்பினார். "பார்த்து வாங்குப்பா"ன்னு ஒரே வரி. அந்த ஒரு வரியோட எடை அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்கு நல்லாவே தெரிஞ்சது.

பக்கத்துல எதுவும் தோதா அமையலை. பொட்டியைத் தட்டித் தட்டித் தேடினதுல ஒஹையோவுல ஒரு டீலர்கிட்ட 2012 கொரோலா, 7,900 டாலர். போட்டோவுல தங்கம் மாதிரி மின்னுது. விபத்து எதுவும் இல்லைன்னு வண்டியோட வரலாற்று அறிக்கையும் சொல்லுது. 300 மைல் தூரம். சீனியர் அண்ணன் ஒருத்தர், திருமங்கலத்துக்காரர், "வா தம்பி, என் வண்டியிலயே போயிட்டு வரலாம்"னு கிளம்பிட்டார். விடியக்காலை 5 மணிக்குப் புளிசாதம் கட்டிக்கிட்டுப் புறப்பட்டோம்.

போனா விற்பனையாளர் தேன் ஒழுகப் பேசுறார். மேசையில உட்கார்ந்ததும் 7,900 மெல்ல 9,300 ஆயிடுச்சு. பேப்பர் வேலைக்கு ஒரு கட்டணம், டயர்ல நைட்ரஜன் அடிச்சதுக்கு ஒரு கட்டணம், கண்ணாடியில நம்பர் பொறிச்சதுக்கு ஒரு கட்டணம். சரி, பேசிக் குறைக்கலாம்னு நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அண்ணனைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தா டிக்கியைத் திறந்து, கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கிற குழிக்குள்ள விரலை விட்டுத் தடவிட்டு இருக்கார். விரல் நுனியில மாவு மாதிரி காய்ஞ்ச வண்டல். அடுத்தது சீட்டுக்குக் கீழே டார்ச் அடிச்சார். தண்டவாளம் முழுக்கத் துரு.

"தண்ணியில நின்ன வண்டி தம்பி. வா போலாம்."

விற்பனையாளர்கிட்ட கேட்டேன். அவர் பதறவே இல்லை. பின்பக்கக் கண்ணாடியில ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். 'ஆஸ் ஈஸ்' கட்டத்துல டிக். அதாவது உள்ளது உள்ளபடி, வாங்கினப்புறம் ரிப்பேர் வந்தா உன் பாடு. "இந்தக் காகிதத்துல இருக்கிறதுதான் சட்டப்படி நான் சொல்ல வேண்டியது"ன்னார். 600 மைல் பெட்ரோலும் ஒரு நாளும் போனதுதான் மிச்சம். திரும்பற வழியில நான் ஒரு வார்த்தை பேசலை. புளிசாதம் கூட இறங்கலை.

ஆனா அந்தக் காகிதம் மட்டும் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்தது. புது காரோட கண்ணாடியில ஒட்டியிருக்கிற காகிதம் ஜாதகம் மாதிரி எல்லாத்தையும் சொல்லுதே, பழைய கார்ல இருக்கிறது மட்டும் ஏன் வாயை மூடிக்கிட்டு இருக்கு? தோண்டினதுல கிடைச்சதுதான் இனிமே வர்றது.

முதல் காகிதம்

அமெரிக்காவுல கார் கம்பெனிக்கும் வாங்குறவனுக்கும் நடுவுல டீலர்னு ஒருத்தர் நிக்கிறது ஆரம்ப காலத்துலயே வந்த ஏற்பாடு. ஆனா அந்த டீலர் ஒண்ணும் ராஜா இல்லை. ஹென்றி ஃபோர்டு 1919ல மத்தப் பங்குதாரர்களை எல்லாம் விலைக்கு வாங்கி வெளியே அனுப்பினார், அதுக்காகப் பெரிய கடன் வாங்கினார். அடுத்த வருஷமே பொருளாதார மந்தம். கார் விக்கலை, கடன் தவணை நெருங்குது. அவர் என்ன பண்ணினார்? கேட்காத கார்களை ரயில்ல ஏத்தி டீலர்களுக்கு அனுப்பிட்டார். காசு கட்டி இறக்கிக்கோ, இல்லைன்னா டீலர்ஷிப் போச்சு. டீலர்கள் உள்ளூர் பேங்க்ல கடன் வாங்கி ஃபோர்டோட கடனை அடைச்ச கதை இது.

இதே வேலை 1953, 54ல மறுபடி நடந்தது. கொரியப் போர்க் காலக் கட்டுப்பாடுகள் விலகினதும் ஃபோர்டுக்கும் செவ்ரலேக்கும் யார் அதிகம் விக்கிறதுன்னு போட்டி. டீலர் தலையில கார் மூட்டை மூட்டையா இறங்குது. விக்க முடியாதவங்க கிட்டத்தட்ட அடக்க விலைக்கே தூரத்து மாநிலத்துப் பழைய கார் வியாபாரிகளுக்குத் தள்ளிவிட்டாங்க. டெட்ராய்ட் பக்கத்துல இருந்து ஆளுங்க புது காரை ஓட்டிக்கிட்டே போய்க் கடற்கரை ஊர்கள்ல விட்டுட்டு வருவாங்க. மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராயத்துக்கு இருந்த 'பூட்லெக்' பேரையே இதுக்கும் வெச்சாங்க.

ஆயிரக்கணக்கான மைல் ஓட்டிட்டு வந்தும் எப்படிக் கட்டுப்படி ஆச்சு? இங்கதான் 'பேய் சரக்குக் கூலி' வருது. கலிஃபோர்னியாவுல கம்பெனிகளுக்கு அசெம்பிளி ஆலைகள் இருந்தன. லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்துல சவுத் கேட்ல ஜெனரல் மோட்டார்ஸ் 1936லேயே ஆலை திறந்தாச்சு. ஆனாலும் முழுக் காரும் டெட்ராய்ட்ல இருந்து ரயில்ல வந்த மாதிரி கூலி போட்டாங்க. வராத வண்டிக்கு வாடகை! அந்தக் கூலி விலையில ஏறினதால, நிஜமாவே டெட்ராய்ட்ல இருந்து ஓட்டிட்டு வந்து விக்கிறவன் மலிவா கொடுக்க முடிஞ்சது. இதோட டீலர்களும் விலையை முன்கூட்டியே ஏத்தி வெச்சு, "உங்க பழைய காருக்கு இவ்ளோ தர்றேன் பாருங்க"ன்னு தள்ளுபடி நாடகம் போட்டாங்க. ஒரு காரோட நிஜ விலை என்னன்னு வாங்குறவனுக்குத் தெரியவே தெரியாது.

இதையெல்லாம் செனட்ல விசாரிச்சவர் ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி. 1956ல டீலர்களுக்கு ஒரு சட்டம் வந்தது. கம்பெனி நேர்மையா நடந்துக்கலைன்னா ஃபெடரல் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். 1958ல வாங்குறவங்களுக்கு ஒரு சட்டம். 1959 மாடல்ல ஆரம்பிச்சு எல்லாப் புது கார்லயும் ஒரு காகிதம் ஒட்டியாகணும். எங்க கோர்த்தது, எந்த டீலருக்குப் போனது, எப்படி அனுப்பினது, கம்பெனி சொல்ற விலை, கூடுதல் சாமான் ஒவ்வொண்ணுக்கும் விலை, சரக்குக் கூலி, எல்லாம் அதுல இருக்கணும். விக்கிறதுக்கு முன்னாடி கிழிச்சா தண்டனை. அந்தக் காகிதத்துக்கு இன்னிக்கும் பேரு 'மன்ரோனி'. அவர் 1968ல தேர்தல்ல தோத்துட்டார், பேரு மட்டும் ஒவ்வொரு புது கார் கண்ணாடியிலயும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

எலுமிச்சம்பழமும் டில்லியும்

பழைய கார் இந்தச் சட்டத்துக்குள்ள வராது. அங்க என்ன பிரச்சனைன்னு தெளிவா சொன்னவர் ஜார்ஜ் அகெர்லாஃப்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர். பாழாப்போன காரை இங்க 'லெமன்'னு சொல்வாங்க, எலுமிச்சம்பழம். அவர் சொன்னது சிம்பிள். விக்கிறவனுக்குக் காரோட குறை தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது. அதனால வாங்குறவன் எல்லா காருக்கும் ஒரு சராசரி விலைதான் தருவான். நல்ல கார் வெச்சிருக்கிறவன் அந்த விலைக்கு விக்க மாட்டான், ஒதுங்கிடுவான். மிஞ்சுறது எலுமிச்சம்பழம்தான். சராசரி இன்னும் இறங்கும், இன்னும் கொஞ்சம் நல்ல வண்டி ஒதுங்கும்.

சுவாரஸ்யம் என்னன்னா, அந்தக் கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழுக்கு அனுப்பிட்டு அவர் வந்து தங்கினது நம்ம இந்தியாவுல. 1967-68ல டில்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துல இருந்தார். முதல் நிராகரிப்புக் கடிதம் அங்கதான் வந்து சேர்ந்தது. மொத்தம் மூணு இதழ்கள் வேண்டாம்னுடுச்சு. நாலாவது இதழ்ல 1970ல வெளியாச்சு. 2001ல நோபல் பரிசு. கட்டுரையில இந்தியக் கடன் சந்தை பற்றியும் ஒரு பகுதி உண்டு. பேப்பர் ரிஜெக்ட் ஆகி மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டுத் திரியும் சக ஆராய்ச்சி மக்கள் இதை ஒரு தடவை சத்தமா படிச்சுக்குங்க.

ரெண்டாவது காகிதம்

பழைய காருக்கும் ஒரு காகிதம் வேணும்னு ஃபெடரல் டிரேட் கமிஷன் 1981ல ஒரு விதி போட்டது. அதுல முக்கியமான வரி: டீலருக்குத் தெரிஞ்ச பெரிய குறைகளை எழுதியாகணும். நல்லா கவனிங்க, கழட்டிப் பார்த்துச் சோதிக்கச் சொல்லலை, ஏற்கெனவே தெரிஞ்சதை எழுதச் சொன்னாங்க, அவ்வளவே. டீலர்கள் சங்கம் வரிஞ்சு கட்டிக்கிட்டு எதிர்த்தது. 1982 மே மாசம் காங்கிரஸ் அந்த விதியை வீட்டோ பண்ணிடுச்சு. செனட்ல 69க்கு 27, கீழவையில 286க்கு 133.

இங்க கதையில ஒரு மாணவர் நுழையறார். ஜக்தீஷ் ராய் சட்டா. கென்யாவுல பிறந்த இந்திய வம்சாவளி. ஒஹையோவுல பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்துக்கு 1966ல மாணவர் விசாவுல வந்தவர். விசா முடிஞ்சதும் திரும்பிப் போக நாடு இல்லாம மாட்டிக்கிட்டார். குடியேற்றத் துறை அவரை இருக்க அனுமதிச்சது. கீழவை தனியா ஒரு தீர்மானம் போட்டு அதை ரத்து பண்ணிச்சு. அவர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1983 ஜூன்ல தீர்ப்பு: சட்டம் இயற்றாம இப்படி வீட்டோ பண்றது அரசியல் சாசனத்துக்கு விரோதம். ரெண்டே வாரத்துல அதே அடிப்படையில பழைய கார் விதியோட வீட்டோவும் செல்லாதுன்னு ஆயிடுச்சு. விசா முடிஞ்ச ஒரு மாணவர் போட்ட வழக்கு, பழைய கார் வாங்குற அத்தனை பேருக்கும் கதவைத் திறந்து விட்டது!

அப்புறம் என்ன? 1981 விதி அப்படியே உயிர் பெத்திருக்கணும் இல்லையா? அதுதான் இல்லை. கமிஷனே மறுபடி உட்கார்ந்து யோசிச்சு, 1984ல 'தெரிஞ்ச குறை' வரியைத் தானே எடுத்துட்டது. 1985ல நடைமுறைக்கு வந்தது மிச்சம் இருந்த காகிதம். வாரண்டி உண்டா இல்லையா, வெளி மெக்கானிக்கிட்ட காட்டிக்கோ, பேசினதை எழுதி வாங்கிக்கோ. நான் ஒஹையோவுல பார்த்தது இதோட வாரிசு. அந்த விற்பனையாளர் சொன்னது பொய் இல்லை மக்களே. வண்டல் பற்றி எழுத வேண்டிய வரி, நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே அடிபட்டுப் போச்சு.

அறிக்கை ஏன் சுத்தமா இருந்ததுன்னும் கேட்கலாம். டைட்டில்னு ஒரு பத்திரம் உண்டு, நம்ம ஊர் ஆர்.சி. புக் மாதிரி. வெள்ளத்துல மூழ்கின வண்டின்னு ஒரு மாநிலத்துல முத்திரை விழுந்தாலும், விதி தளர்வான வேற மாநிலத்துல பதிவு மாத்தி முத்திரையைக் கழுவிடுவாங்க. 2005ல கத்ரீனா புயலுக்கு அப்புறம் இது பெரிய பேச்சா இருந்தது. மாநிலங்களை இணைக்கிற தகவல் தொகுப்புக்கு 1992லேயே சட்டம் போட்டும், பொதுமக்கள் பார்க்க வழி வந்தது 2009ல. இன்ஷூரன்ஸ் இல்லாம மூழ்கின வண்டி பெரும்பாலும் எந்த ஏட்டுலயும் ஏறாது.

கடைசியில...

படிக்கப் படிக்க ஒரு சின்னத் தகவல் கண்ணுல பட்டது. அந்த ஃபெடரல் காகிதத்துல இருந்து ரெண்டு மாநிலத்துக்கு விலக்கு. மெய்ன், விஸ்கான்சின். அவங்களுக்குச் சொந்தமா காகிதம் உண்டு. விஸ்கான்சின்ல டீலர் வண்டியைச் சோதிச்சு, கண்ட குறையை எழுதி ஒட்டணும். விஸ்கான்சின் எங்களுக்குப் பக்கத்து மாநிலம்!

அண்ணன் முகத்துல சிரிப்பு. "போலாம் தம்பி, ஆனா இந்தத் தடவை தயிர்சாதம்."

2011 சிவிக், 7,200 டாலர். கண்ணாடியில ஒட்டின காகிதத்துல ரெண்டு இடத்துல டிக்: புகைக்குழாய்ல கசிவு, ஏ.சி. வேலை செய்யலை. ஒஹையோ கொரோலா காகிதத்துல ஒரு குறையும் இல்லை, இதுல ரெண்டு. இதைத்தான் நம்பத் தோணிச்சு. 110 டாலர் கொடுத்து வெளி மெக்கானிக்கிட்டயும் காட்டினோம். அவர் சொன்னதும் அதே ரெண்டு. வாங்கிட்டேன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "என்னப்பா, வண்டி நல்லாருக்கா?" "ரெண்டு குறை இருக்குப்பா, எழுதியே கொடுத்துட்டாங்க." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எழுதிக் கொடுத்தாங்களா? அப்ப சரி"ன்னார்.

ஏ.சி. இன்னும் சரி பண்ணலை. ஜூலை வெயில்ல கண்ணாடியை இறக்கிவிட்டுக்கிட்டு மக்காச்சோளக் காத்து வாங்கிட்டே வேலைக்குப் போயிட்டு வர்றேன்.

டிஸ்கி: புதுசா வந்திருக்கும் மாணவக் கண்மணிகளே, டீலர் இடத்துலயே கையெழுத்துப் போட்டு வாங்கின காருக்கு மூணு நாள்ல திருப்பித் தர்ற ஃபெடரல் உரிமை எதுவும் கிடையாது. வீடு தேடி வந்து விக்கிறவங்களுக்கான விதி அது. அதனால கையெழுத்துக்கு முன்னாடியே டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிடுங்க. உங்க கார் கதைகளைப் பின்னூட்டத்துல கொட்டுங்க. திருமங்கலத்து அண்ணனும் படிப்பார், அவரைப் பாராட்டி நாலு வார்த்தை போட்டா அடுத்த பயணத்துக்கு ஆள் ரெடி ;-)