கூத்துக் கலைஞருக்கும் ஒரு சங்கம்

தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் நாம் விடிய விடியக் கூத்துப் பார்த்திருக்கிறோம். வேடம் கட்டியவரையும் மேளம் கொட்டியவரையும் கைதட்டிப் பாராட்டியிருக்கிறோம். கலையையே தொழிலாகக் கொண்டவர், ஆட்டம் இல்லாத நாளில் எப்படிப் பிழைப்பார்? நோய் வந்தால் அவருக்கு யார் துணை? இக்கேள்விகளுக்கு வரலாறு தரும் விடைகளை இன்று காண்போம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோம். அதன் வெளிச் சுற்றுச் சுவரில் இராசராச சோழனின் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014-இல், பொறித்த நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 ஆடல் மகளிரின் பெயர்கள் அதில் உள்ளன. எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும் எழுதப்பட்டுள்ளது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு; ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. பாடுவோர், வீணை வாசிப்போர் மட்டுமல்லர். துணி வெளுப்பவரும் தையற்காரரும்கூட அந்தப் பட்டியலில் இடம்பெற்றனர்.

இன்னொரு விதியும் கல்லில் உள்ளது. ஒருவர் இறந்துவிட்டாலோ, வேற்றூர் போய்விட்டாலோ அவருடைய பங்கு அடுத்த உறவினரைச் சேரும். அந்த உறவினர் தொழில் தெரியாதவரானால், தெரிந்த ஒருவரை அமர்த்திப் பணி செய்விக்கலாம். உறவினரே இல்லையென்றால்? அப்போது அந்தந்தத் தொழிற்குழுவினரே தகுந்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இக்குழுவினரை ‘நியாயத்தார்’ என்கிறது கல்வெட்டு. ஆயினும் பங்கை வகுத்தவன் அரசன். அவர்களைக் கொண்டுவந்து அமர்த்தியதும் அவன் ஆணைதான்.

இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டுக் கலைஞர்கள் வேறு வழி கண்டனர். டயோனைசஸ் என்பது அவர்களுடைய நாடகத் தெய்வம். அத்தெய்வத்தின் பெயரால் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் நடிகர், குழலிசைப்போர், கவிஞர் எல்லாரும் சங்கமாகக் கூடினர். ஊர் ஊராகச் செல்வோர்க்கு வழியில் பாதுகாப்பு வேண்டும் அல்லவா? அதையும், வரிவிலக்கையும், போர்ப்பணியிலிருந்து விலக்கையும் அச்சங்கங்கள் கேட்டுப் பெற்றன. கடமையும் உண்டு. இன்றைய துருக்கிக் கரையிலிருந்த இயாசோஸ் நகரம் இடர்ப்பட்ட காலத்தில், ஒரு சங்கம் தன் கலைஞர்களைக் கூலியின்றி அங்கே அனுப்பியது. போகத் தவறியவருக்கு அபராதம். நோயாலோ புயலாலோ தடைப்பட்டவருக்கு மட்டும் விலக்கு.

தமிழ் நடிகர்களின் நிலை அண்மைக் காலம் வரை எப்படி இருந்தது? சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை ஒன்றைத் தொடங்கினார். இத்தகைய ‘பாய்ஸ் கம்பெனி’கள் பல தோன்றின. நாம் திரையில் கண்டு மகிழ்ந்த எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் சிறுவயதில் இவற்றில் வளர்ந்தவர்களே. சோறும் பயிற்சியும் கம்பெனியில் கிடைத்தன. ஆனால் பிழைப்பு முதலாளியின் கையில் இருந்தது. கம்பெனி கலைந்தால் நடிகர் வேறு இடம் தேட வேண்டியதுதான். பின்னர் 1952-இல் சென்னையில் தென்னிந்திய நடிகர் சங்கம் உருவாயிற்று.

இரண்டே ஆண்டுகளில், 1954-இல், நம் நாட்டில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் பல ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. பால்மரம் வெட்டியவருக்கும் மேடையில் ஆடியவருக்கும் தேவை ஒன்றாகவே இருந்தது.

இன்று பேராக்கில் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. எனினும் நம் பிள்ளைகள் உறுமி மேளக் குழுக்களிலும் நடனக் குழுக்களிலும் சேர்கின்றனர். அவர்களுக்கு நாம் மூன்றைச் சொல்லிக் கொடுப்போம். கூலியை எழுத்தில் பெறுக. நோய்க்கும் விபத்துக்கும் முன்கூட்டியே விதி செய்க. தொழில் தெரிந்தவர்கள் கூடி முடிவெடுக்கும் ஓர் அமைப்பை வைத்துக்கொள்க. கைதட்டல் அன்றைய இரவுக்கு மகிழ்ச்சி தரும்; மறுநாள் உலை கொதிக்க இவையும் வேண்டும்.