இணையவழி ஆங்கிலக் கற்பித்தல்: தமிழ்நாட்டில் அதன் வரலாறு

வலைத்தளம், ஒலி-ஒளிப் பதிவு, கைப்பேசிச் செயலி, பேச்சை உணரும் மென்பொருள் ஆகியவற்றின் துணையோடு ஆங்கிலத்தைக் கேட்க, பேச, படிக்க, எழுதப் பழக்குவதே இணையவழி ஆங்கிலக் கற்பித்தல். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது சென்னையும் முதல் வரிசை நகரங்களில் ஒன்றாக இருந்தது. அங்கிருந்து கிராமத்து அரசுப் பள்ளியின் வகுப்பறைக்கு அது வந்து சேர ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பிடித்தது.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை அடுத்து, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் திருப்புட்குழியில் நின்று பார்த்தால் இந்தத் தாமதத்தின் கனம் புரியும். விஜயராகவப் பெருமாள் கோயிலால் 108 திவ்ய தேசங்களில் ஒன்றாகப் பெயர்பெற்ற ஊர் இது. ராமானுஜர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றது இங்கேதான் என்பது வைணவ மரபு. குரு சொன்ன விளக்கத்தை ஏற்காமல் மாணவர் எதிர்க்கருத்துச் சொன்னார் என்றும் அம்மரபு சொல்கிறது. இன்று இதே நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சற்று விலகி ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் வரிசையாக வருகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆங்கிலம் பரீட்சைப் பாடம் என்ற நிலையைத் தாண்டி வேலைக்கான தேவையாகிவிட்டது. இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் நேர்முகத் தேர்வில் வாய் திறக்கத் தயங்கினார்கள். ஆகவே இந்த வரலாற்றில் வந்த ஒவ்வொரு கருவியையும் ஒரே கேள்வியால் அளப்பது நியாயம்: அது பிள்ளையைப் பேச வைத்ததா, பார்த்துக்கொண்டு உட்கார மட்டும் வைத்ததா?

இணையத்துக்கு முன்

அந்தக் கேள்வி கணினியோடு பிறந்ததல்ல. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி அளிக்கும் பெருமுயற்சி ஒன்று தொடங்கியது. முதலில் ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் அடுத்தவர்களுக்குக் கொடுத்து, அப்படியே பெருக்கிக்கொண்டு போவது அதன் வழி. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினமாக வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பழக்குவது அதன் பாடமுறை. 1968 ஜனவரியில் அண்ணாவின் அரசு தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றத் தீர்மானமாக்கியது. அதன் பிறகு ஆங்கிலத்தை நன்றாகச் சொல்லித்தரும் பொறுப்பு அரசுப் பள்ளிக்கு இன்னும் கூடியது. 1974இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கம், பின்னாளில் தொழில்நுட்பவழி ஆங்கிலக் கற்பித்தலுக்கென்றே தனியாக ஓர் இணைய ஆய்விதழ் நடத்தியது.

1979க்கும் 1984க்கும் இடையில் என்.எஸ்.பிரபு நடத்திய ‘பெங்களூரு திட்டம்’ உலக மொழிக் கல்வி நூல்கள் இன்றும் பேசும் ஒன்று. பெங்களூரு, சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அது நடந்தது. இலக்கண விதியை முன்வைக்காமல், ரயில் கால அட்டவணையையோ ஊர் வரைபடத்தையோ கையில் கொடுத்து, இங்கிருந்து அங்கே எப்போது போய்ச் சேரலாம் என்று கணக்கிடச் சொன்னார் பிரபு. விடையைக் கண்டுபிடிக்கும் முனைப்பில் மொழி தானாகப் படியும் என்பது அவருடைய கருத்து. 1987இல் அதை நூலாகவும் எழுதினார். இணையத்தில் பிற்காலத்தில் வந்த ‘தேடிக் கண்டுபிடி’ வகைப் பாடங்களின் அடிப்படைச் சிந்தனை கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே இருந்த தமிழக வகுப்பறைகளில் முன்பே சோதிக்கப்பட்டிருக்கிறது. நம் ஆசிரியப் பயிற்சி நிறுவனங்கள் இதைப் பெருமையோடு சொல்லித்தர வேண்டும்.

கணினிவழிக் கற்பித்தல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் ‘பிளேட்டோ’ அமைப்போடு தொடங்கியது. இந்தியப் பள்ளிகளுக்கு 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியே பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. எண்ணிக்கை குறைவு. கணினியைத் தொட்டுப் பார்த்ததே பெரிய செய்தியாக இருந்த காலம் அது.

வலையின் முதல் பத்தாண்டு

1995இல் ஆங்கிலம் கற்போருக்கான ‘டேவ்ஸ் இஎஸ்எல் கஃபே’ தளம் தொடங்கியது. அதே ஆண்டில் சான் டியேகோவில் பெர்னி டாட்ஜ் ‘வெப்குவெஸ்ட்’ என்ற பாடவடிவை உருவாக்கினார். ஒரு சிக்கலைக் கொடுத்து, குறிப்பிட்ட பக்கங்களைப் படித்துத் தீர்வு எழுதச் சொல்வது அது. தமிழ்நாட்டில் இவையெல்லாம் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கும் சில நகரக் கல்லூரிகளுக்கும் மட்டும் எட்டின.

அன்றைய தடை கம்பி இணைப்பு மட்டுமல்ல, தமிழ் எழுத்தும்தான். ஆங்கிலத்தைத் தமிழ்வழி விளக்கிச் சொல்ல வலையில் தமிழ் தெரிய வேண்டும். ஒவ்வொரு தளமும் ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் திரையில் கிறுக்கல்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியாக்கத்துக்கும் ஒரு தரம் வகுத்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இடையில் 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், அயல்நாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வலைவழித் தமிழ் சொல்லித்தந்தது. டொராண்டோவிலிருக்கும் குழந்தைக்குத் தமிழ்ப் பாடம் இணையத்தில் போய்ச் சேர்ந்த காலத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமக் குழந்தைக்கு இணையத்தில் ஆங்கிலப் பாடம் வந்து சேரவில்லை.

கிராமத்தை நோக்கி நடந்த முயற்சிகளும் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதியில் தகவல் மையங்களைத் திறந்தது. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில், சென்னை ஐஐடி உருவாக்கிய கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு கிராம இணைய மையங்கள் அமைந்தன. ஊர் மக்கள் அங்கே அதிகம் நாடிய சேவைகளில் ஒன்று பிள்ளைகளுக்கான கணினிப் பயிற்சி.

இதே காலத்தில் கல்வியாளர் சுகதா மித்ரா செய்த இரண்டு சோதனைகள் இங்கே விரிவாகச் சொல்லத் தக்கவை. 1999இல் டெல்லி கல்காஜியில் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்தவர் அவர். ஹைதராபாதின் ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளிடம் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைக் கொடுத்துவிட்டு, கணினிக்கு உங்கள் பேச்சைப் புரியவையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டது அவரது குழு. தாங்கள் சொன்னது திரையில் தப்புத் தப்பாக விழ விழ, பிள்ளைகள் உச்சரிப்பை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். சில மாதங்களில் உச்சரிப்பு தெளிந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டாவது சோதனை காளிக்குப்பம் என்னும், தமிழ் பேசும் கடலோர ஊரில் நடந்தது. உயிரித் தொழில்நுட்பம் பற்றிய ஆங்கிலப் பாடங்கள் நிறைந்த கணினியை 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். ஆசிரியர் கிடையாது. பிள்ளைகள் தாங்களாகவே ஓரளவு பிடித்துக்கொண்டார்கள். பாடம் தெரியாத, ஆனால் அருகிருந்து ‘அட, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?’ என்ற தோரணையில் ஊக்கம் கொடுக்கும் ஒருவர் சேர்ந்ததும் டெல்லியின் வசதியான தனியார் பள்ளி மாணவர்களுக்கு இணையான மதிப்பெண்ணை எட்டினார்கள். 2010இல் வெளியான இந்த ஆய்வின் முறையைக் குறைகூறியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கணினியை வைத்துவிட்டால் ஆசிரியர் வேண்டாம் என்று அதைப் படித்தவர்களும் இருக்கிறார்கள். அந்த வாசிப்பு பிழை. தனியார் பள்ளி அளவுக்கு மதிப்பெண் உயர்ந்தது பக்கத்தில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்த பிறகுதான்.

மடிக்கணினியிலிருந்து கைப்பேசிக்கு

2005இல் யூடியூப் வந்தபின், படிப்பவரே எழுதவும் பதிவேற்றவும் கூடிய இடமாக வலை மாறியது. தமிழ்வழி ஆங்கிலம் சொல்லித்தரும் காணொளிகள் பெருகின. கடைத்தெருவில் விற்ற ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்களின் வேலையை அவை எடுத்துக்கொண்டன. பிழையில்லாமல் கேட்க ஒரு குரல் கிடைத்தது பெரிய முன்னேற்றம். திரும்பப் பேசுவதைக் கேட்க அந்தப் பக்கம் ஆளில்லை.

அரசின் பக்கம் அடுத்தடுத்து மாற்றங்கள் நடந்தன. 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் படிப்படியாகத் திறந்தன. தமிழ்வழியில் படித்து வளர்ந்த ஆசிரியர்களே அந்த வகுப்புகளையும் எடுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கேட்டுப் பழக நல்ல ஒலிப்பதிவு தேவைப்பட்டதைப் பலர் கவனிக்கவில்லை. மடிக்கணினி வீட்டுக்கு வந்தும் பெரும்பாலான கிராம வீடுகளில் இணைப்பு இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான் அது மாறியது. அப்போது பிள்ளைகள் கையிலெடுத்தது மடிக்கணினியை அல்ல, அப்பாவின் கைப்பேசியை.

2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சாகின. ஆங்கிலப் புத்தகத்தில் பாட இறுதியில் ‘ஐசிடி கார்னர்’ என்று ஒரு பெட்டி இருக்கும். எந்தத் தளத்துக்குப் போக வேண்டும், எந்தப் பொத்தானை முதலில் அழுத்த வேண்டும் என்று படிப்படியாகத் திரைக்காட்சிப் படங்களோடு போட்டிருப்பார்கள். ஆசிரியர் தம் கைப்பேசியை அதன்மேல் காட்டினால் சொல் விளையாட்டோ கேட்டல் பயிற்சியோ திறக்கும். முப்பது பிள்ளைகள் ஒரு கைப்பேசியைச் சுற்றி நிற்பார்கள். இந்தக் குறையைத் தீர்க்க 6,000க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கியது.

பெருந்தொற்றுக் காலமும் அதன் பிறகும்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1இல்தான். அந்த இடைவெளியில் பாடத்தைச் சுமந்தவை கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் குழுக்களும். வாட்ஸ்அப்பின் குரல் பதிவு, கல்விக்கென்று செய்யப்படாத வசதி. ஆனால் ஆங்கிலப் பேச்சுக்கு அதுவே மிகவும் உதவியது என்று சொல்லத் தோன்றுகிறது. வகுப்பில் நாற்பது பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படும் பெண் பிள்ளை, வீட்டு மூலையில் உட்கார்ந்து ஒரு பத்தியைப் படித்துப் பதிவு செய்வாள். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்வாள். இரவில் வீட்டு வேலை முடித்து ஆசிரியை கேட்டு, ‘இந்த இடம் மட்டும் திரும்பப் படிம்மா’ என்று குரலிலேயே பதில் அனுப்புவார். தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இவ்வளவிலிருந்தும் விடுபட்டுப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

இந்தக் காலத்துக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. தன்னார்வலர்கள் தெருவிலேயே மாலை வகுப்பு நடத்தினார்கள். 2022 ஜூன் 1 முதல் 12 வரை அத்திட்டத்தில் கூகுளின் ‘ரீட் அலாங்’ செயலியோடு ஒரு வாசிப்பு மாரத்தான் நடந்தது. 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் 263 கோடிச் சொற்களை வாசித்தார்கள். திருச்சி மாவட்டம் லால்குடி ஒன்றியம் முதலிடம் பெற்றது. தமிழ்க் கதைகளும் ஆங்கிலக் கதைகளும் உள்ள செயலி அது. பிள்ளை கதையைச் சத்தமாகப் படிக்க, ‘தியா’ என்ற பொம்மை உருவம் கேட்டுக்கொண்டிருக்கும். சரியாகப் படித்தால் நட்சத்திரம் விழும். தடுமாறும் சொல்லைத் தொட்டால் தியா உச்சரித்துக் காட்டும். கதைகளை ஒருமுறை இறக்கி வைத்தால் இணைப்பு இல்லாமலும் இயங்கும். தன்னார்வலரின் ஒரே கைப்பேசி மாறி மாறி ஒரு தெருவுக்கே உதவ முடிந்தது.

அதே மாதம் 13ஆம் தேதி, 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்குமான ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது. பிறகு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. 2023இல் ‘மணற்கேணி’ செயலி பாடங்களைச் சிறு காணொளிகளாகத் தந்தது. கல்லூரி மாணவர்களுக்கு ‘நான் முதல்வன்’ வழியே ஆங்கிலத் தொடர்புத் திறன் பயிற்சியும் சேர்ந்தது.

எந்திரத்தின் காது

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபின், அலுக்காமல் எதிர்க்கேள்வி கேட்கும் துணை ஒன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது. எழுதிய பத்தியைத் திருத்தித் தரும். தவறு ஏன் என்று தமிழில் கேட்டால் தமிழிலேயே விளக்கும். கேட்டல் மட்டும் இன்னும் சிக்கலாகவே இருக்கிறது. பல பேச்சுணர் மென்பொருள்கள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் குரல்களைக் கேட்டுப் பழகியவை. தமிழ் நாக்கு ‘பஸ்ஸு’ என்று சொல்லின் முடிவில் ஓர் உகரத்தைச் சேர்க்கும். ‘இஸ்கூல்’ என்று முன்னால் ஓர் இகரம் வைக்கும். ‘ஃபேன்’ எளிதில் ‘பேன்’ ஆகும். இவற்றில் பொருளைக் கெடுப்பது எது, வெறும் ஊர்வாசனை எது என்று பிரித்தறிய நம் ஆசிரியருக்குத் தெரியும். எந்திரம் எல்லாவற்றையும் ஒரே மாதிரித் தவறென்று சிவப்புக் காட்டினால், பேசத் தொடங்கிய பிள்ளை மறுபடி வாயை மூடிக்கொள்ளும். தமிழ்ப் பிள்ளைகளின் ஆங்கிலக் குரல்களைக் கொண்டே இம்மென்பொருள்களைப் பழக்குவது அவசரமான வேலை.

அதற்குக் குரல்களைச் சேகரிக்க வேண்டும். அங்கே இன்னொரு பொறுப்பு சேர்கிறது. பிள்ளை படிப்பதைக் கைப்பேசிக்குள்ளேயே கேட்டு முடிப்பதாக ‘ரீட் அலாங்’ அறிவித்தது; பல செயலிகள் குரலைத் தொலைதூரக் கணினிகளுக்கு அனுப்புகின்றன. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் கேட்கும் பக்கங்கள் பெரும்பாலும் நீண்ட ஆங்கிலத்தில் இருக்கின்றன. பிள்ளை ஆங்கிலம் கற்பதற்காக, ஆங்கிலம் படிக்காத அம்மா அதில் விரல் வைக்க வேண்டியிருக்கிறது.