33 ஆண்டுகள் நின்ற ‘பேராலயம்’

நியூயார்க் மாநகரின் நடுவே, ஐம்பதாம் தெருவில், ராக்சி என்னும் திரையரங்கு இருந்தது. 1927 மார்ச் 11 அன்று அது திறக்கப்பட்டது. அதனை உருவாக்கிய சாமுவேல் ரோதாஃபெல் அதற்குச் சூட்டிய அடைமொழி ‘திரைப்படப் பேராலயம்’ என்பதாகும். ஏறத்தாழ 6,000 இருக்கைகள், 110 பேர் கொண்ட இசைக்குழு, மூவர் ஒருங்கே அமர்ந்து இசைக்கத்தக்க ஆர்கன் என அனைத்தும் அங்கே பேரளவில் அமைந்தன.

திறப்பு விழா இரவில் துறவியின் உடையணிந்த ஒருவர் மேடையில் தோன்றி அம்மாளிகையைப் போற்றினார். படைப்பின் தொடக்கத்தில் இறைவன் ஒளிக்கு இட்ட கட்டளையையே கூறி அவர் முடித்ததும் விளக்குகள் ஒளிர்ந்தன. பின்னர் குளோரியா சுவான்சன் நடித்த திரைப்படம் காட்டப்பட்டது.

இதனை இறைநிந்தை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் உழைத்துக் களைத்தவர்கள் அழகையும் வியப்பையும் தேடியே அங்கு வந்தார்கள். அந்த ஏக்கம் பொய்யானதன்று; நம் ஆலயங்களின் கோபுரங்களும் வண்ணக் கண்ணாடிகளும் அதே ஏக்கத்தை அறிந்தே எழுந்தவை.

ஆனால் மாளிகையின் அடித்தளத்திலேயே கடன் இருந்தது. செலவு எல்லை மீறியதால், திறப்பதற்கு முன்னரே அதன் உரிமை வில்லியம் ஃபாக்சின் கைக்கு மாறிற்று. சில ஆண்டுகளில் ரோதாஃபெலும் அதைவிட்டு நீங்கி, 1932-இல் திறக்கப்பட்ட ரேடியோ சிட்டி அரங்கிற்குச் சென்றார். 1950-களில் தொலைக்காட்சி மக்களை வீட்டிலேயே இருத்தியது. அவர்களை மீண்டும் ஈர்க்க அகன்ற திரை வந்தது. சினிமாஸ்கோப் முறையில் வெளியான முதல் திரைப்படமான ‘தி ரோப்’, 1953 செப்டம்பர் 16 அன்று இவ்வரங்கிலேயே முதன்முதலாகக் காட்டப்பட்டது. கல்வாரியில் படைவீரர் சீட்டுப் போட்டெடுத்த ஆண்டவரின் அங்கியைப் பற்றிய கதை அது. தலைசாய்க்க இடமற்றிருந்தவரின் கதை, அத்துணைப் பெரிய மாளிகையில்!

அதுவும் அரங்கைக் காக்கவில்லை. 1960-இல் ராக்சி மூடப்பட்டு, அலுவலகக் கட்டடத்திற்காக இடிக்கப்பட்டது. முதல் நாள் படத்தின் நாயகியான சுவான்சன், இடிபாடுகளுக்கிடையே கைகளை விரித்து நின்ற காட்சியை எலியட் எலிசோஃபன் நிழற்படமாக்கினார்.

நம் ஆண்டவர் மண்ணில் வாழ்ந்ததாக மரபு கூறும் 33 ஆண்டுகளே இக்கட்டடத்தின் ஆயுளும். அவர் எக்கட்டடத்தையும் விட்டுச் செல்லவில்லை. ஒரு பந்தியையும் அதைச் சுற்றி ஒரு குடும்பத்தையும் விட்டுச் சென்றார். தொடக்கத் திருச்சபை வீடுகளில் கூடியது, ஆயினும் அழியவில்லை. ராக்சியில் ஆயிரக்கணக்கானோர் அருகருகே அமர்ந்தும், இருளில் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் கலைந்து சென்றனர்.

இன்று நம் பங்குகள் பலவற்றில் பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் பெரியதொன்றை எழுப்பும் பேச்சு எழுகின்றது. எத்தனை பேர் அமரலாம் என்று முதலில் கணக்கிடுகின்றோம். என் பங்கிலும் அக்கணக்கைப் போட்டவன் நான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சென்ற ஞாயிறு திருப்பலியில் நம் அருகில் அமர்ந்திருந்தவரின் பெயர் நமக்குத் தெரியுமா? அவர் இந்த ஞாயிறு வராவிடில், அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோர் நம்மில் யார்?