கந்தையும் கவுதியும்

ஓசூரில் ஒரே பொருளுக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம். ஊரின் பெயரே கன்னடம்: ஹொச ஊரு, புதிய ஊர். கடைத்தெருவில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே பேச்சில் கலந்து வரும். வடக்கே நாற்பது கிலோமீட்டர் போனால் பெங்களூரு. இங்கே, பழைய சேலைகளை அடுக்கி மடித்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டு இறுக்கிய கனத்த போர்வையைக் கன்னடம் பேசுபவர் கவுதி என்பார். தெலுங்குக்காரருக்கு அது பொந்த. 'பொம்மை'யில் வரும் 'பொ'வைப்போல் உச்சரிக்க வேண்டும். தமிழர் 'பழஞ்சேலை மெத்தை', 'துணிப் போர்வை' என்று ஏதாவது விளக்கிச் சொல்வார். தமிழ்நாடு முழுக்கச் செல்லும் ஒற்றைப் பெயர் இன்று அதற்கு இல்லை. பொருத்தமான ஒரு சொல் நம்மிடம் இருந்தும் அதை வேறு வேலைக்கு விட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். அந்தச் சொல் கந்தை.

சமஸ்கிருதத்தில் கந்தா என்றால் ஒட்டுப்போட்டுத் தைத்த ஆடை அல்லது போர்வை. துறவிகளின் உடைக்கு அந்தப் பெயர். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் கந்தையை அந்தச் சொல்லோடுதான் இணைக்கிறது. இதே சொல் வங்காளத்தில் காந்தா ஆயிற்று. அங்கே பாட்டி, அம்மா கட்டிய பழைய புடவைகளை அடுக்கித் தைத்து, அந்தப் புடவைக் கரையிலிருந்தே உருவிய நூலால் மீனும் தாமரையும் போட்ட விரிப்பு அது. பிறந்த குழந்தையைப் போர்த்துவது அதில்தான், விருந்தாளி வந்தால் விரிப்பதும் அதைத்தான். நம்மிடமோ சொல்லிலிருந்து தையல் உதிர்ந்துபோய், கிழிசல் மட்டும் மிஞ்சியது. கந்தை என்றால் கிழிந்த துணி, கந்தல் என்றால் பயனற்றது. யாராவது ஊசியெடுத்து அதைச் சேர்த்துத் தைத்திருப்பார் என்ற நினைவே அந்தச் சொல்லில் இப்போது இல்லை.

ஒட்டுத்துணிக்கு எப்போதுமே இந்த இழிவு இருந்ததில்லை. பௌத்த சங்க விதிகளைச் சொல்லும் வினயப் பிடகத்தில் ஒரு செய்தி வருகிறது. மகத நாட்டு வயல்கள் வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடப்பதைப் புத்தர் ஆனந்தருக்குக் காட்டி, பிக்குகளின் உடையை அதுபோல் அமைக்க முடியுமா என்று கேட்டார். ஆனந்தர் துணியைத் துண்டுகளாக வெட்டி அந்த அமைப்பில் தைத்துக் கொடுத்தார். இன்றும் பிக்குகளின் துவராடையில் அந்த வரப்புகளைப் பார்க்கலாம்.

கவுதிக்கு வருவோம். அதன் செல்வாக்கான நிலம் வட கர்நாடகம். மராட்டிய எல்லையைத் தாண்டினால் அதே பொருளுக்கு கோதடி என்று பெயர். உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் சித்தி மக்கள் கவந்தி என்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். சித்திப் பெண்கள் தைக்கும் முறை தனியானது. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் 'பூ'வாக வைத்துத் தைப்பார்கள். பூ வைக்காத கவந்தி அவர்கள் கண்ணுக்கு அம்மணமாகத் தெரியும். கவுதி, கவந்தி என்று கேட்டதும் நம் கவிதல், கவிகை இவற்றோடு சேர்த்துப் பார்க்க ஆசை எழும். மூடுவது என்ற பொருளும் ஒத்துவருகிறது. ஆனாலும் ஒலியொற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு வேர் சொல்வது சொல்லாராய்ச்சிக்கு நல்லதல்ல, அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

ஓசூருக்கு ரயிலேறி வந்த சொல் ஒன்றும் உண்டு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஆலைகள் தொடர்ந்தன. இன்று அவற்றைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளிலும் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பீகாரின் முசாபர்பூர்ப் பக்கம் இந்தப் போர்வைக்கு சுஜனி என்று பெயர். 'சு' நலம், 'ஜனி' பிறப்பு என்று அங்கே பிரித்துச் சொல்கிறார்கள். பிறந்த குழந்தையைப் பழந்துணியில் தைத்த சுஜனியில் சுற்றுவது வழக்கம். கந்தல்களுக்கென்றே சித்திரியா மா என்ற தெய்வமும் உண்டு. சிதறியதையெல்லாம் சேர்த்து முழுமையாக்குபவள் அவள். நம்மிடம் வசைச்சொல்லாகிவிட்ட ஒன்றை அங்கே கும்பிடுகிறார்கள். இதைப் படித்த நாளிலிருந்து கந்தை என்ற சொல்லை இளக்காரமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுஜனி என்ற பெயரைத் தானத்தின் பக்கம் கொண்டுவந்தது கூஞ்ச் அமைப்பு. அன்ஷு குப்தா 1999-இல் டெல்லியில் அதைத் தொடங்கினார். 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. இதழியல் மாணவராக இருந்தபோது, அநாதைப் பிணங்களை அள்ளிச் சுமந்து பிழைக்கும் ஒருவரைச் சந்தித்ததை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். குளிர் தாங்க முடியாதபோது பிணத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவேன், அது புரண்டு படுத்துத் தொந்தரவு செய்யாது என்று அந்த மனிதரின் சின்ன மகள் அவரிடம் சொன்னாளாம். வெள்ளமும் பூகம்பமும் பேரிடர்தான்; ஆனால் ஏழைக்கு ஆண்டுதோறும் வரும் குளிர்காலத்தை யாரும் பேரிடராக எண்ணுவதில்லை என்பது அவர் வாதம். உடுத்த முடியாத அளவு நைந்த துணிகளைக் கூஞ்ச் நிலையங்களில் பெண்கள் சுஜனியாகத் தைக்கிறார்கள். அது தேவைப்படும் இடத்துக்குப் போகிறது. கிணறு வெட்டுவது, பாதை போடுவது என்று ஊர் தனக்குத் தானே செய்துகொள்ளும் வேலைக்கு ஈடாகத் துணி கொடுப்பதே அவர்களின் முறை. பிச்சை என்ற எண்ணம் வரக்கூடாது என்பதற்காக.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் நடந்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாகப் பழந்துணி நம் கடற்கரைகளுக்கு வந்தது. மீனவர் குடும்பங்கள் கட்டவே முடியாதவை, கிழிந்தவை, அழுக்கானவை சாலையோரம் மலையாகக் குவிந்தன. அவற்றைப் பொறுக்கிப் பிரித்துப் பயன்படுத்தும் வேலையைக் கூஞ்ச் எடுத்துச் செய்தது. கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. வேண்டாததை வீட்டைவிட்டு வெளியேற்றுவதையும் கொடுப்பதையும் ஒன்றென நினைத்தார்கள். வாங்குபவர் மனதை நினைத்து ஒரு மணிநேரம் ஊசி பிடித்திருந்தால் அந்த மலையில் பாதி போர்வையாகியிருக்கும்.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். பக்கத்திலுள்ள தளியை வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்றார்கள். மார்கழி இரவில் பேருந்து நிலையத்திலும் கட்டடத் தகரக் கொட்டகையிலும் படுப்பவர்களுக்கு அந்தக் குளிரில் என்ன பெருமை இருக்கிறது? துணிக்கோ இங்கே பஞ்சமில்லை. வீட்டில் கழிக்கும் மெல்லிய பருத்தித் துணி பழைய துணிக்காரரிடம் போய், பனியன் வேஸ்டோடு சேர்ந்து பட்டறையில் எண்ணெய் துடைத்து முடிகிறது.

அப்படிக் கழிக்கும் ஒரு சேலை ஐந்தரை மீட்டர் நீளம். மூன்றாக மடித்தால் ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு மூன்று அடுக்கு. இரண்டு சேலைக்கு ஆறு அடுக்கு. அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அடுக்கு நழுவாமல் பிடிப்பது தையல். நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து, கொக்கி, பொத்தான்களைக் கழற்றிவிட வேண்டும். வழுக்கும் பாலியெஸ்டரைவிடப் பருத்தியில் ஊசி இலகுவாக ஓடும். உடுத்தி உடுத்தி மெத்தென்றாகிவிட்ட துணி என்றால் இன்னும் நல்லது. ஒரு தெருவில் நாலைந்து பெண்கள் மதியவேளையில் உட்கார்ந்தால் கார்த்திகைக்குள் தெருவுக்கு ஒன்று முடித்துவிடலாம். மகளிர் குழுக்கள் இருக்கும் ஊர் இது. தளியில் கொடுத்தால் கவுதி என்று சொல்லிக் கொடுக்கலாம், பாகலூரில் பொந்த என்று. முசாபர்பூர்ப் பையன் கையில் கொடுக்கும்போது சுஜனி என்று சொன்னால் போதும், மடிப்பைப் பிரிப்பதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிடும்.