ருத்ரா (இசைக்குழு)

ருத்ரா என்பது சிங்கப்பூரைச் சேர்ந்த ஒரு மெட்டல் இசைக்குழு ஆகும். 1992 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இக்குழு, ராக் இசையின் கடுமையான வகைகளுள் ஒன்றான டெத் மெட்டலோடு வடமொழி மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துக்களையும் இணைத்தது. இவ்விணைப்பால் உருவான இசை "வேதிக் மெட்டல்", அதாவது வேத மெட்டல், என்று அழைக்கப்படுகின்றது. குழுவை நிறுவியவர்கள் தென்னிந்திய வம்சாவளியினர். பாடல்களின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். இடையிடையே வடமொழி வரிகள் இடம்பெறுகின்றன.

பெயர்

ருத்திரன் வேதங்களில் போற்றப்படும் ஒரு கடவுள். பிற்காலத்தில் சிவனாகவே கொள்ளப்பட்டார். இப்பெயருக்கு "கதறுபவன்", "முழங்குபவன்" என்னும் பொருள்கள் கூறப்படுகின்றன. யசுர் வேதத்தைச் சேர்ந்த சிறீ ருத்திரம் தமிழகச் சிவன் கோயில்களில் ஓதப்படும் மந்திரத் தொகுதி ஆகும். அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரான உருத்திர பசுபதி நாயனார், நீரில் நின்றவாறு ருத்திரம் ஓதி வந்தவர் என்று பெரியபுராணம் கூறுகின்றது. முழக்கமும் மந்திரமும் ஒருங்கே அமைந்த பெயர் என்பதால், உரத்த இசையையும் சமயப் பொருளையும் இணைக்கும் குழுவுக்கு இது பொருத்தமாகவே அமைந்தது.

பின்னணி

மெட்டல் இசையின் தொடக்கம் இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில் 1968 இல் உருவான பிளாக் சாபத் குழுவுடன் தொடர்புபடுத்தப்படுகின்றது. அக்குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் ஏற்பட்ட விபத்தில் இரு விரல்களின் நுனிகளை இழந்தவர். அதன் பின்னர் கம்பிகளைத் தளர்த்தி வாசிக்கும் முறையைக் கையாண்டார். இதனால் கிடைத்த தாழ்ந்த, கனமான ஒலி மெட்டல் இசையின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. 1980களில் ஐக்கிய அமெரிக்காவில் இதிலிருந்து டெத் மெட்டல் வளர்ந்தது. உறுமல் போன்ற குரல், மிக வேகமான டிரம்ஸ், சாவைப் பற்றிய வரிகள் ஆகியன இதன் இயல்புகள்.

இதே காலத்தில் சுவீடன் நாட்டின் பாத்தரி போன்ற குழுக்கள் கிறித்தவத்துக்கு முந்திய வடஐரோப்பியத் தொன்மங்களைப் பாடத் தொடங்கின. தம் முன்னோரின் கதைகளையும் நம்பிக்கைகளையும் மெட்டலில் பாடலாம் என்னும் வழி இதனால் திறந்தது. ருத்ரா தனக்குரிய மரபாக வேதாந்தத்தை எடுத்துக்கொண்டது.

வரலாறு

கதிர், சிவா, பாலா ஆகிய மூவர் 1992 இல் சிங்கப்பூரில் இக்குழுவைத் தொடங்கினர். கதிர் பேஸ் கிதார் வாசிப்பதோடு பாடவும் செய்தார். சிவா டிரம்ஸ் வாசித்தார். பாலா கிதார் வாசித்தார். 1994 இல் "த பாஸ்ட்" என்னும் மாதிரிப் பதிவு வெளிவந்தது. 1996 இல் குழு கலைந்தது. மீண்டும் கூடியபோது, பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்த "எச்" என்ற எழுத்து நீக்கப்பட்டது. 1998 இல் குழுவின் பெயரிலேயே முதல் இசைத்தொகுப்பு வெளியானது.

கிதார் கலைஞர்கள் பலமுறை மாறியபோதும், கதிரும் சிவாவும் குழுவின் நிலையான உறுப்பினர்களாக இருந்து வந்தனர். கதிர் வேதாந்தத்தை முறையாகப் பயின்றவர். பாடல் வரிகளில் தத்துவச் சொற்கள் வெறும் அலங்காரமாக நில்லாமல் பொருளோடு வருவதற்கு இப்பயிற்சி உதவியது.

இசை

ருத்ராவின் இசைக்கு அடித்தளம் டெத் மெட்டலும் திராஷ் மெட்டலும் ஆகும். தாழ்த்திச் சுருதி கூட்டப்பட்ட மின்கிதார்கள், இரு கால்களாலும் இயக்கப்படும் அடிமுரசு, உறுமல் குரல் ஆகியவை பெரும்பாலான பாடல்களில் உள்ளன. இவற்றோடு மந்திர ஓதல், இந்திய இசைக்கருவிகளின் ஒலி, இராகச் சாயல் கொண்ட கிதார் இசை ஆகியன சேர்க்கப்படுகின்றன.

வேத மந்திரம் ஓதுவதில் உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்னும் மூன்று சுரநிலைகள் உண்டு. இவை பிறழாமல் ஓதுவது மரபு. ஆனால் டெத் மெட்டலின் உறுமல் குரலுக்குத் திட்டமான சுருதி கிடையாது. ஆகவே, ஒரு மந்திரத்தை உறுமலாகப் பாடினால் சுரநிலைகள் மறைந்துவிடும். குறில், நெடில் அளவும் யாப்பும் மட்டுமே எஞ்சும். மந்திரத்தின் சுரம் கேட்க வேண்டுமெனில் அதை இயல்பான குரலில் தனியே ஓத வேண்டியுள்ளது.

யாப்பைப் பொறுத்தவரை இத்தடை இல்லை. பகவத் கீதையின் பெரும்பாலான சுலோகங்கள் அனுட்டுப்பு என்னும் யாப்பில் அமைந்தவை. இதில் அடிக்கு எட்டு அசைகளாக நான்கு பாதங்களில் முப்பத்திரண்டு அசைகள் வரும். இவ்வொழுங்கு மெட்டல் இசையில் மிகுதியாக வரும் நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் எளிதாக அமரக்கூடியது.

பாடல் பொருள்

2003 இல் வெளியான "குருசேத்ரா" தொகுப்பின் பெயர் மகாபாரதப் போர்க்களத்தைக் குறிக்கின்றது. அதன் பின்னர் "பிரம்மவித்யா" என்னும் பொதுத்தலைப்பில் மூன்று தொகுப்புகள் வெளிவந்தன. பிரம்மவித்யா என்பது பிரம்மத்தைப் பற்றிய அறிவு எனப் பொருள்படும். இம்மூன்றின் பெயர்களின் இறுதியிலும் வரும் "ஐ" வரிசை எண் அன்று; "நான்" எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் ஆகும். "நான் யார்" என்னும் வேதாந்தக் கேள்வியே இத்தொகுப்புகளின் மையம்.

2005 இல் வந்த முதல் தொகுப்பில் "அகம் பிரம்மாஸ்மி" என்ற பாடல் உள்ளது. இது பிருகதாரண்யக உபநிடதத்தில் வரும் மகாவாக்கியம் ஆகும். 2009 இல் வந்த இரண்டாம் தொகுப்பில் ஆதி சங்கரரை வணங்கும் தலைப்புடைய "பகவத்பாத நமஸ்காரா" இடம்பெற்றுள்ளது. மெட்டல் குழுக்கள் பலவும் சமய எதிர்ப்பைப் பாடுபொருளாகக் கொண்டிருக்க, ருத்ரா சமயத் தத்துவத்தை ஏற்றுப் பாடுவது குறிப்பிடத்தக்க வேறுபாடாகும்.

இண்டஸ்ட்ரியல் மெட்டலுடன் ஒப்பீடு

மெட்டல் இசையோடு பிற ஒலிகளைச் சேர்த்த வகைகளுள் மற்றொன்று இண்டஸ்ட்ரியல் மெட்டல் ஆகும். பர்மிங்காமில் 1988 இல் உருவான காட்ஃபிளெஷ் குழு, டிரம்ஸ் கலைஞருக்குப் பதிலாகத் தாள இயந்திரத்தைப் பயன்படுத்தியது. அமெரிக்காவின் மினிஸ்ட்ரி, 1994 இல் பெர்லினில் தொடங்கிய ராம்ஸ்டைன் ஆகியனவும் இவ்வகைக்குப் பெயர்பெற்றவை. இவ்வகையில் இயந்திரம் போல் மாறாமல் திரும்பத் திரும்ப வரும் ஒலி, தொழிற்சாலை வாழ்வின் இறுக்கத்தை உணர்த்துகின்றது. ருத்ராவின் இசையில் திரும்பத் திரும்ப வருவது மந்திரம். அது தியானத்தை நோக்கமாகக் கொண்டது. திரும்ப ஒலித்தல் என்னும் ஒரே உத்தி இரு வகைகளிலும் எதிரெதிரான பயனைத் தருகின்றது.

ஆய்வும் கருத்து வேறுபாடும்

சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன், வேத மெட்டலையும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளத்தையும் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 2009 இல் வெளியிட்டார். இதன் மூலம் இக்குழு கல்வித்துறையின் கவனத்தையும் பெற்றது.

இவ்விசை இரு கேள்விகளை எழுப்புகின்றது. தூய்மையோடும் சுரம் பிறழாமலும் ஓத வேண்டியவை எனக் கருதப்படும் மந்திரங்களை ராக் மேடையில் ஒலிப்பது தகுமா என்பது ஒன்று. உறுமலில் சுரம் மறைந்துவிடுவதால், மரபு நோக்கில் இத்தயக்கத்துக்குக் காரணம் உண்டு. மறுபுறம், கோயிலிலும் வகுப்பிலும் இத்தத்துவத்தைக் கேட்டிராத இளைஞர் பலர் அதனை முதன்முதலில் அறிவதற்கு இவ்விசை வாயிலாக அமையக்கூடும். சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் இருக்க, இக்குழு ஆங்கிலத்தையும் வடமொழியையும் தேர்ந்தது ஏன் என்பது மற்றொரு கேள்வி. ஆங்கிலம் உலக மெட்டல் இரசிகர்களின் பொதுமொழி. வடமொழி இக்குழு பாடும் நூல்களின் மொழி. எனினும், பக்தி இலக்கியமும் சித்தர் பாடல்களும் கொண்ட தமிழில் இத்தகைய இசைக்கு இடமுண்டு என்பதை மறுக்க இயலாது.

இசைத்தொகுப்புகள்

* ருத்ரா (1998)
* தி ஆரியன் கிரக்ஸ் (2001)
* குருசேத்ரா (2003)
* பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ (2005)
* பிரம்மவித்யா: டிரான்சென்டென்டல் ஐ (2009)
* பிரம்மவித்யா: இம்மார்டல் ஐ (2011)
* ரிதா (2013)
* எனிமி ஆஃப் டுவாலிட்டி (2016)
* எய்ட் மகாவித்யாஸ் (2022)

ஒத்த குழுக்கள்

இந்திய சமய மரபை மெட்டலில் பாடும் குழுக்கள் பிற நாடுகளிலும் தோன்றியுள்ளன. முருகனின் மற்றொரு பெயரான கார்த்திகேயா என்பதைத் தன் பெயராகக் கொண்ட குழு உருசியாவில் உள்ளது. நேபாளத்தின் டையிங் அவுட் ஃபிளேம் 2014 இல் "சிவ ருத்ராஷ்டகம்" என்னும் தொகுப்பை வெளியிட்டது. இவ்வகையில் முன்னோடிகளுள் ஒன்றாக ருத்ரா கருதப்படுகின்றது.