எல்பனம்: கடல் கொண்ட ஆடுகளங்கள்

‘ஜிம்கானா’ என்ற சொல்லின் வேர் இந்துஸ்தானியின் ‘கேந்த்கானா’ என்பர். பந்து வீடு என்று பொருள். 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் போர்ட் பிளேரில், அபர்தீன் கடலோரத்தில் அப்படியொரு பந்து வீடு இருந்தது. ஜிம்கானா மைதானம் என்பது அதன் பெயர். 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் அங்கே மூவண்ணக் கொடியை ஏற்றினார். 1945 அக்டோபரில் ஜப்பானியத் தளபதிகள் அதே மைதானத்தில் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தனர். இன்று அது நேதாஜி விளையாட்டரங்கம். கொடியேற்றத்தின் 75ஆம் ஆண்டு விழாவில், 2018 டிசம்பர் 30 அன்று, பிரதமர் உரையாற்றியதும் அங்கேதான்.

ஒரு விளையாட்டு மைதானத்தின் வரலாற்றை எழுத முனைபவருக்கு இவ்வளவு தேதிகள் கிடைப்பது அரிது. ஆனால் இத்தேதிகளில் ஒன்றுகூடப் பந்தோடு தொடர்புடையதன்று. மைதானத்தில் ஆட்டம் நின்ற நாட்களே நம் ஆவணங்களில் ஏறியிருக்கின்றன; ஆட்டம் நடந்த மாலைகள் ஏறவில்லை. தேதிகள் இருக்கும் மைதானத்துக்கே இந்த நிலை என்றால், தேதியே இல்லாத மைதானங்களின் கதி என்ன? அங்கிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தெற்கே, கார் நிக்கோபார் தீவின் கடற்கரைகளில் அத்தகைய மைதானங்கள் இருந்தன. இப்பதிவு அவற்றைப் பற்றியது.

கார் நிக்கோபார் 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, பெரும்பாலும் தட்டையான பவளப்பாறைத் தீவு. தஞ்சைக் கல்வெட்டு ‘மாநக்கவாரம்’ என்று குறிப்பிடும் தீவுக்கூட்டத்தின் வடமுனையில் இருப்பது. மூஸ், லபாத்தி, பெர்கா, மலாக்கா, காக்கானா, அரோங், சவாய் எனப் பதினைந்து ஊர்கள். 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு விதிமுறையின் கீழ் வருவதால் அனுமதிச் சீட்டின்றி வெளியார் அங்கே கால்வைக்க இயலாது. சுற்றுலாப் பயணிகளின் குறிப்புகளோ, பத்திரிகையாளரின் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைகளோ அத்தீவைப் பற்றி அதிகம் இல்லாமைக்கு அதுவே காரணம். அந்தப் பாதுகாப்பு தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதன் பக்கவிளைவாக, தீவுக்குள் நிகழ்ந்த பெரும் இழப்புகள்கூட வெளியே ஒற்றை வரிச் செய்தியாகச் சுருங்கிவிடுகின்றன.

நிக்கோபாரியரின் வீடுகளும் தோட்டங்களும் ‘துஹேத்’ எனப்படும் கூட்டுக்குடும்பத்துக்கு உரியவை. கடற்கரையில் ஊருக்கென ஒரு பொதுவெளி உண்டு. அதன் பெயர் எல்பனம். ஊர்க்கூட்டம் கூடும் பெரிய மனை அங்கே இருக்கும். ஹோடிப் படகுகளை ஏற்றிவைக்கும் கொட்டகைகள் அங்கே இருக்கும். பழைய வழக்கப்படி, பிள்ளைப்பேற்றுக்கு ஒரு மனை, இறப்புக்கு ஒரு மனை, அருகிலேயே இடுகாடு. பிறப்புக்கும் இறப்புக்கும் மனிதர் தம் வீட்டை விட்டு ஊரின் பொது நிலத்துக்கு வந்துவிடுவர் என்ற இந்த ஏற்பாட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் வியப்போடு எழுதிவைத்தனர். நம் ஊர்களின் மந்தைவெளியை எல்பனத்துக்கு ஒப்பிடலாம். ஆனால் மந்தைவெளியில் யாரும் பிறப்பதில்லை.

படகுப் போட்டி, மல்யுத்தம், பன்றித் திருவிழா அனைத்துக்கும் அதுவே களம். ஆகவே கால்பந்து தீவுக்கு வந்தபோது அதற்காக ஒருவரும் காடு வெட்டித் திடல் அமைக்க வேண்டியிருந்திருக்காது என்பது என் ஊகம். ஊர் முழுவதும் கூடுவதற்கென்று ஒரு வெளி ஏற்கெனவே காத்திருந்தது.

பந்து எவ்வழியே வந்தது என்பதில்தான் தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி இருக்கிறது. இந்தியக் கால்பந்தின் வரலாற்றைக் கல்கத்தாவிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். 1911இல் மோகன் பகான் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிக் கேடயம் வென்ற கதையை அறியாதவர் இல்லை. நிக்கோபாரின் பந்து அந்த வழியே வரவில்லை, பர்மாவிலிருந்து வந்தது. 1880ஐ ஒட்டி ரங்கூனில், எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்க மிஷன் நடத்திய புனித யோவான் கல்லூரியில் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட் என்ற ஆசிரியர் மாணவர்களுக்குக் கால்பந்தைக் கற்றுக்கொடுத்தார். பிரம்புப் பந்தைக் காலாலேயே தட்டி நிறுத்தும் ‘சின்லோன்’ ஆட்டத்தில் ஊறிய பர்மியருக்கு அது கடினமாகவா இருந்திருக்கும்? மிஷன் பள்ளிகளின் வழியே ஆட்டம் மாந்தளை வரை பரவியது.

அதே காலத்தில் கார் நிக்கோபாரில் ஒரு தமிழர் இருந்தார். வேதப்பன் சாலமன். 1890களின் நடுவில் மூஸ் ஊரில் குடியமர்ந்து, மிஷனின் உபதேசியாராகவும் அரசின் முகவராகவும் ஒருசேரப் பணியாற்றியவர். அவர் எழுதிய நாட்குறிப்புகளின் பகுதிகளை, அந்தமானின் தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் டெம்பிள் லண்டன் மானிடவியல் ஆய்விதழில் வெளியிடச் செய்தார். 1895 முதல் 1901 வரையிலான தீவு வாழ்க்கைக்கு அக்குறிப்புகள் இன்றும் முதன்மைச் சான்று. தமிழ்நாட்டில் அவரைப் பற்றி ஒரு சிறு நூல்கூட என் கண்ணில் பட்டதில்லை. தரங்கம்பாடியிலிருந்து நிக்கோபாரை ஆள முயன்று காய்ச்சலில் மாண்ட டேனியரைப் பற்றி நாம் எழுதிய அளவுக்குக்கூட, அங்கே சென்று நிலைத்துநின்ற வேதப்பனைப் பற்றி எழுதவில்லை.

சாலமனின் பள்ளியில் படித்த மூஸ் ஊர்ச் சிறுவன் ஒருவன் மேற்படிப்புக்காக மாந்தளைக்கு அனுப்பப்பட்டான். ஹா சேவ் கா என்பது அவனது நிக்கோபாரிப் பெயர். திருமுழுக்குப் பெயர் ஜான் ரிச்சர்ட்சன். 1910களின் தொடக்கத்தில் ஆசிரியராக ஊர் திரும்பிய ரிச்சர்ட்சன், பிற்காலத்தில் 1950இல் ஆயரானார்; 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார்; புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தார்; 1975இல் பத்மபூஷண் பெற்று 1978இல் மறைந்தார். வாழ்க்கைக் குறிப்புகள் இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திவிட்டு, போகிறபோக்கில், தீவில் கால்பந்தைப் பரப்பியவரும் அவரே என்று முடிக்கும். அந்தக் கடைசி வரியை முதலில் வைத்து எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வேதநூல் ஞாயிறுகளில் வாசிக்கப்பட்டது. பந்து எல்லா மாலைகளிலும் உருண்டது.

கார் நிக்கோபாரில் கால்பந்துக் கழகம் என்பதற்கு ஊர் என்றே பொருள். மூஸ் அணி என்றால் மூஸ் ஊர். அரோங் அணி என்றால் அரோங் ஊர். பதிவு எண்ணோ, உறுப்பினர் கட்டணமோ அல்ல, எந்த எல்பனம் உன்னுடையது என்பதே நீ எந்த அணி என்பதைத் தீர்மானித்தது. ஆகவே அங்கே ‘கழகத்தின் மைதானம்’ என்று சொல்வதற்கும் ‘முன்னோரைப் புதைத்த மண்’ என்று சொல்வதற்கும் சில நூறடித் தொலைவுதான் இருந்தது.

1970களில் அத்தீவில் பணியாற்றிப் பின்னர் போர்ட் பிளேரில் குடியேறிய தமிழ் ஆசிரியர் ஒருவர் என்னிடம் கூறியவற்றிலிருந்து சிலவற்றைத் தருகிறேன். களத்தின் ஒரு நெடும்பக்கம் தென்னை வரிசை; மறுபக்கம் கடல். கடல் பக்க எல்லைக்கோட்டை யாரும் வரைந்ததில்லை. ஈரமணல் தொடங்கும் இடமே கோடு. ஓதம் ஏறும் நாட்களில் களம் சுருங்கும், இறங்கும் நாட்களில் விரியும். பந்து தண்ணீரில் விழுந்தால் அருகில் நிற்கும் சிறுவன் எவனாக இருந்தாலும் நீந்திப் போய் எடுத்துவருவான். அதற்குள் இரு அணியினரும் ஒரே குலையிலிருந்து இளநீர் குடித்துக்கொண்டிருப்பர். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நாணயச் சுண்டலில் வென்றவர் காற்றை முதுகில் வாங்கும் பக்கத்தைத்தான் கேட்பார். வெளியூரிலிருந்து ஆட வந்தவர்களுக்குத் தோற்றாலும் வென்றாலும் பன்றிக்கறி விருந்து உண்டு. “நம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடுவார்கள், அவர்களோ செருப்பே அணிந்து பழகாதவர்கள், அந்தக் கால்களின் வேகத்தை நான் மதராஸில்கூடப் பார்த்ததில்லை” என்றார் அவர். களத்தின் நீள அகலம் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்தார். “எந்த நேரத்தில்?” என்று திருப்பிக் கேட்டார்.

அத்தீவு அமைதியை மட்டுமே கண்டதன்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் வசமிருந்தது. கட்டாய உழைப்பில் விமான ஓடுதளம் உருவானது. போரின் இறுதி மாதங்களில் ஒற்றர் என்ற பழி சுமத்தி நிக்கோபாரியர் பலரைக் கொன்றனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டு, மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டவர். போர் முடிந்தபின் ஊர்கள் மீண்டும் அதே இடங்களில் எழுந்தன, ஆட்டமும் தொடர்ந்தது. மனிதர் செய்த அழிவுக்குப் பிறகு திரும்பி வருவதற்கு நிலம் இருந்தது.

2004 டிசம்பர் 26 காலையில் அதுவும் இல்லாமற்போனது. முந்தைய நாள் கிறிஸ்துமஸ். விழாக்காலமாதலால் பல ஊர்களில் மக்கள் கடற்கரையை ஒட்டியே திரண்டிருந்தனர். இந்திய நேரப்படி ஆறரை மணியளவில் நிலநடுக்கம். சில நிமிடங்களில் கடல். கரையோரமாகவே அமைந்திருந்த ஊர்கள் துடைத்தெறியப்பட்டன. இந்திய விமானப்படைத் தளமும் குடியிருப்புகளும் அழிந்தன. அந்தமான் நிக்கோபாரில் இறந்தோரும் காணாமற்போனோரும் 3,500 பேர் என்பது அரசுக் கணக்கு. நிக்கோபார்த் தீவுகளில் பேசிப்பார்த்தவர் அக்கணக்கை ஏற்கத் தயங்குவர்.

தமிழகக் கரையில் நாம் கண்ட சுனாமிக்கும் அங்கு நிகழ்ந்ததற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நாகப்பட்டினத்தில் அலை வந்தது, அடித்தது, திரும்பியது. நிலம் அதே உயரத்தில் கிடந்தது. கார் நிக்கோபாரில் நிலநடுக்கத்தோடு தீவே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தட்டையான கடற்கரையில் ஒரு மீட்டர் என்பது சிறிய அளவன்று. முன்பு தென்னைகள் நின்ற வரிசைவரை ஓதம் ஏறியது. உப்புநீரில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. எல்பனங்கள் இருந்த இடம் கடலின் பங்காயிற்று. முன்பு ஓதத்தோடு சுருங்கி விரிந்த களம், இம்முறை சுருங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது.

உயிர் பிழைத்தவர்கள் தீவின் உட்பகுதிக்கு நகர்ந்தனர். முதலில் தகரக் கொட்டகைகள். பின்னர் வரிசை வரிசையாக நிரந்தரக் குடியிருப்புகள். அவை தனிக்குடும்பத்தை அலகாகக் கொண்டு ஒதுக்கப்பட்டன. துஹேத் என்ற கூட்டமைப்பு இதனால் எப்படிக் குலைந்தது என்பதை ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். அதோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். வீட்டை எண்ணலாம், படகை எண்ணலாம், பட்டுப்போன தென்னைக்கும் விலை மதிப்பிடலாம். எல்பனத்துக்கு உரிமையாளர் என்று ஒருவர் இல்லை. இழந்தேன் என்று மனு எழுதும் தகுதி ஒருவருக்கும் இல்லை. ஊர் முழுவதும் இழந்த ஒன்று, இழந்தவரின் பெயரே இல்லாமல் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. நிவாரணப் பணியில் உண்மையான உழைப்பைக் கொட்டிய அதிகாரிகளும் தொண்டர்களும் இருந்தனர். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்களிடமிருந்த படிவத்தில் அதற்கான கட்டம் இல்லை, அவ்வளவே.

ஆட்டம் நிற்கவில்லை. உள்நிலத்துப் புதிய ஊர்களிலும் மாலையானால் பந்து உருள்கிறது. கால்பந்து அத்தீவின் குருதியில் எவ்வளவு கலந்தது என்பதற்கு ஒரு பெயரே போதும்: 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்காகச் சைக்கிள் ஓட்டிய கார் நிக்கோபார் வீரரின் பெயர் டேவிட் பெக்காம். 2003இல் பிறந்தவர். கடல் வந்தபோது நடைபயிலும் குழந்தை. தம் ஊரின் பழைய களத்தில் பந்தைத் தொடும் வயது வருமுன்பே களம் போய்விட்ட தலைமுறை அது. இப்போது இருபதைக் கடந்து நிற்கும் அவர்களுக்கு எல்பனம் என்பது பெரியவர்கள் கடலை நோக்கிக் கைநீட்டிக் காட்டும் ஒரு திசை.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 2004க்கு முன் கார் நிக்கோபாரில் ஆசிரியராகவோ, பொதுப்பணித்துறை ஊழியராகவோ, விமானப்படையிலோ, வணிகத்திலோ இருந்த தமிழர் குடும்பங்கள் ஏராளம். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும் உண்டு. கச்சாலும் சுனாமியில் பேரிழப்பைச் சந்தித்த தீவே. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களில் கடலோரக் களத்தில் எடுத்த ஒளிப்படம் ஏதேனும் இருந்தால் பின்னூட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள். அணி வரிசையாக நிற்கும் படமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திருமண நாளிலோ பள்ளி விழாவிலோ எடுத்த படத்தின் ஓரத்தில் ஒரு கோல் கம்பம் தெரிந்தாலும் போதும். எந்த ஊர், எந்த ஆண்டு என்று மட்டும் பின்புறத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.